சொந்த சர்வரில் மேட்டர்மோஸ்ட்: அலுவலகத்துக்குள் திறக்கிறது, யார்டில் நிற்பவருக்குத் திறக்கவில்லை

தம்புச்செட்டித் தெரு | திங்கள், இரவு 9.50

வணக்கம்.

மண்ணடியில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆவணப் பிரிவைக் கவனித்து வருகிறேன். நாங்கள் மொத்தம் பதினான்கு பேர். ஐந்து பேர் மேசையில் இருப்போம். மற்றவர்கள் காலை ஒன்பதரைக்கெல்லாம் ராஜாஜி சாலை சுங்க மாளிகைக்கும், மாதவரம், மணலி, எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்து சி.எஃப்.எஸ். (கன்டெய்னர்களை இறக்கி, சோதித்து, விடுவிக்கும் கிடங்கு) யார்டுகளுக்கும் கிளம்பிவிடுவார்கள். அங்கிருந்து அவர்கள் அனுப்பும் படங்களை வைத்துத்தான் எங்கள் வேலை ஓடுகிறது. கன்டெய்னர் எண், அதன் கதவைப் பூட்டும் பாட்டில் சீலின் எண், கதவைத் திறந்தபோது சரக்கு இருந்த நிலை என்று எல்லாமே படம்தான். அவை இன்றுவரை அவரவர் சொந்தக் கைப்பேசியில், அவரவர் சொந்தக் கணக்கில், பத்துப் பன்னிரண்டு குழுக்களில் சிதறிக் கிடக்கின்றன.

போன மார்ச்சில் இதற்கு விலை கொடுத்தோம். ஒரு கன்டெய்னரின் சீல் எண்ணும் பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு) இருக்கும் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று பேச்சு எழுந்தது. யார்டுக்குள் வண்டி நுழைந்தபோது எடுத்த படத்தைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடியும் விஷயம். படம் எடுத்த தம்பி பிப்ரவரியிலேயே வேலையை விட்டுவிட்டார், கைப்பேசியையும் மாற்றிவிட்டார். நல்ல பிள்ளை, எங்களுக்காகத் தேடித் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மூன்று நாள் கிரவுண்ட் ரென்ட், அதாவது யார்டில் கன்டெய்னர் கிடந்ததற்கான வாடகை, ஏறியது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. பதினைந்து ஆண்டு வாடிக்கையாளர் ஒருவர், "உங்களிடம் ஒரு படம்கூடவா இல்லை?" என்று கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை. 2018ஆம் ஆண்டு சுங்கத் தரகர் உரிம விதிமுறைகள் பதிவேடுகளை ஐந்து ஆண்டுகளாவது காக்கச் சொல்கின்றன. தாள்களைக் கட்டுக்கட்டாகப் பரண் முழுக்க வைத்திருக்கிறோம். படங்களை மட்டும் அவரவர் சட்டைப் பையில் விட்டுவைத்திருந்தோம்.

ஆகவே எங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு செய்திப் பரிமாற்ற சர்வர் வைப்பது என்று முடிவு செய்து, மேட்டர்மோஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தேன். மேசைக் கணினி ஒன்று சும்மா இருந்தது. 8 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. அதில் உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டு, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை நிறுவி, மேட்டர்மோஸ்ட் தொகுப்பை /opt கோப்புறையில் விரித்து, அதற்கென ஒரு தனிப் பயனரை உருவாக்கி உரிமை மாற்றியும் கொடுத்தேன். நான் முட்டிக்கொண்ட இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவருக்கு உதவும்.

முதலாவது, டேட்டாபேஸின் பொது ஸ்கீமா என்ற பகுதியில் அட்டவணை உருவாக்க அனுமதி இல்லை என்று சர்வர் நின்றுவிட்டது. நான் பார்த்துச் செய்த வழிகாட்டி பழையது. போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து அந்த அனுமதி எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதில்லை, உபுண்டு 24.04இல் வருவது 16. டேட்டாபேஸின் உரிமையாளராகவே மேட்டர்மோஸ்ட் பயனரை மாற்றியதும் சரியாகிவிட்டது. இரண்டாவது, கடவுச்சொல்லில் நான் வைத்திருந்த @ குறி. இணைப்பு முகவரியில் கடவுச்சொல் முடிந்து கணினியின் பெயர் தொடங்கும் இடத்தைக் காட்டுவதும் அதே குறிதான். அதனால் என் கடவுச்சொல்லின் பின்பாதியைக் கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டது. @ இருந்த இடத்தில் %40 என்று எழுதியபின் ஓடியது.

இப்போது என் கேள்விகள். அலுவலக வைஃபையில் 192.168.1.20 என்ற முகவரியோடு 8065ஆம் போர்ட்டைச் சேர்த்துத் தட்டினால் எல்லாம் அருமையாக வேலை செய்கிறது. முன்னால் என்ஜின்எக்ஸை (வரும் கேள்விகளை வாங்கி மேட்டர்மோஸ்ட்டுக்குக் கடத்தும் வெப் சர்வர்) வைத்து, போர்ட் எண் இல்லாமல் திறந்தால் பக்கம் வருகிறது. ஆனால் மேலே இணைப்பு இல்லை, வெப்சாக்கெட்டைப் பாருங்கள் என்ற பட்டை நிற்கிறது. அடுத்தவர் எழுதியது, பக்கத்தைப் புதுப்பித்தால்தான் தெரிகிறது. படம் ஏற்றினால் பிழை. வெளியிலிருந்து சுத்தமாகத் திறப்பதில்லை. ரவுட்டரில் 80, 443 இரண்டையும் அந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். டொமைன் வாங்கி முகவரியும் கொடுத்தாயிற்று. எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட்டை ஓட்டினால், உங்கள் கணினியை எட்ட முடியவில்லை என்கிறது. நாலைந்து முறை ஓட்டியதில் இப்போது கொஞ்ச நேரம் பொறுங்கள் என்றும் சொல்கிறது.

எங்கே தவறு செய்கிறேன்?

கொருக்குப்பேட்டை கேட் | திங்கள், இரவு 10.35

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு அதே இணைப்பிலிருந்து "என் ஐ.பி. என்ன" என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றா?

சர்ட்பாட்டை இனி ஒத்திகை முறையில் மட்டும் ஓட்டுங்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து சோதனை தோற்றால், சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் நிறுத்திவைக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று. பதினான்கு பேருக்கு மாத வாடகையில் ஒரு சர்வர் எடுத்து அதிலேயே எல்லாவற்றையும் வைத்துவிடலாமே? ஏன் இந்தச் சிரமம்?

தம்புச்செட்டித் தெரு | செவ்வாய், காலை 8.15

பார்த்தேன். ரவுட்டரில் 100.72 என்று தொடங்குகிறது. தளம் காட்டுவது முற்றிலும் வேறு எண்.

வாடகை சர்வர் பற்றி முதலாளியிடம் பேசினேன். அவர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். இன்வாய்ஸில் இருப்பது வாடிக்கையாளர் எந்த விலைக்கு வாங்குகிறார் என்ற விவரம். அது போட்டியாளர் கையில் கிடைத்தால் அவருடைய வியாபாரம் போய்விடும். "நம்மை நம்பிக் கொடுத்தது நம் பீரோவில்தான் இருக்க வேண்டும்" என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. சிரமமாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரம்பூர் இரண்டாம் ஷிப்ட் | செவ்வாய், இரவு 11.40

அம்மா, அந்த 100.72தான் விடை. உங்கள் ரவுட்டரில் நீங்கள் செய்தது எதுவும் தவறில்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012இல் இணையச் சேவை நிறுவனங்களின் உள்வலைக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. சி.ஜி.நாட் என்பார்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக்குடித்தன வீடுகள் பார்த்திருப்பீர்கள். தெருவுக்கு ஒரே கதவு, ஒரே எண், உள்ளே பன்னிரண்டு குடும்பம். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வாங்கிக்கொண்டு திரும்பலாம். வெளியாள் ஒருவர் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் எந்தக் குடும்பத்தைக் கூப்பிடுவது? நீங்கள் உங்கள் அறைக்கதவைத் திறந்துவைத்திருக்கிறீர்கள். தெருக்கதவு உங்களுடையது இல்லை.

முதலில், உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் நிலையான பொது ஐ.பி. கிடைக்குமா என்று கேளுங்கள். வணிக இணைப்புகளுக்குக் கூடுதல் கட்டணத்தில் பல இடங்களில் தருகிறார்கள். கிடைத்தால் வேலை பாதியாகிவிடும்.

கிடைக்காவிட்டால் நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். உங்கள் முதலாளி சொன்னதற்கு மாறாக இது போகாது. மிகச் சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுங்கள், 1 ஜி.பி. நினைவகம் தாராளம். அதில் மேட்டர்மோஸ்ட் வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், சான்றிதழ்கூட வேண்டாம். அது வெறும் தெருக்கதவு. அலுவலகக் கணினியிலிருந்து அதை நோக்கி வயர்கார்டு சுரங்கம் (இரு கணினிகளுக்கிடையே மறையாக்கம் செய்த தனி வழி) ஒன்றைப் போடுங்கள். லினக்ஸ் கெர்னல் 5.6இலிருந்து வயர்கார்டு உள்ளேயே இருக்கிறது, கருவித் தொகுப்பை மட்டும் நிறுவினால் போதும். இணைப்பு உள்ளிருந்து வெளியே கிளம்புவதால் சி.ஜி.நாட் குறுக்கே நிற்காது. அலுவலகப் பக்கத்துக் கோப்பில் உயிர்ப்புத் துடிப்பை (PersistentKeepalive) 25 நொடி என்று வையுங்கள். மறந்தால், கொஞ்ச நேரம் யாரும் பேசாதபோது நடுவில் இருக்கும் பெட்டி இந்த இணைப்பை மறந்துவிடும். பிறகு வெளியிலிருந்து தட்டினால் பதில் வராது. வாடகை சர்வரில் யு.டி.பி. 51820ஐத் திறந்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான இடம். பெரும்பாலானவர்கள் வாடகை சர்வரிலேயே என்ஜின்எக்ஸில் சான்றிதழைப் போட்டு அங்கேயே மறையாக்கத்தைப் பிரித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்கள் இன்வாய்ஸ்கள் அந்தக் கணினியின் நினைவகத்தில் ஒரு கணமாவது திறந்து கிடக்கும். வேண்டாம். அங்கே என்ஜின்எக்ஸின் ஸ்ட்ரீம் முறையைப் பயன்படுத்துங்கள். 443இல் வருவதைப் பிரிக்காமல், உறையோடு அப்படியே சுரங்கத்தின் வழியே அலுவலகக் கணினிக்குத் தள்ளிவிடும். 80ஐயும் அதேபோல் தள்ளுங்கள், சர்ட்பாட்டுக்கு அது வேண்டும். டொமைனையும் வாடகை சர்வரின் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். சான்றிதழும் அதன் தனிச் சாவியும் உங்கள் பீரோவிலேயே இருக்கும். வாடகை சர்வர்காரர் கண்ணில் படுவது எந்த நேரத்தில் எந்த முகவரியிலிருந்து எவ்வளவு தரவு எந்தப் பெயருக்குப் போனது என்பது மட்டும்தான்.

உபுண்டுவில் ஸ்ட்ரீம் தனித் தொகுப்பாக வருகிறது, கேட்டு நிறுவ வேண்டும். அதற்கான அமைப்புப் பத்தியைத் தளங்களுக்கான கோப்புறையில் எழுதாதீர்கள். அங்கே இருப்பதெல்லாம் எச்.டி.டி.பி. பத்திக்குள் சேர்ந்துவிடும், ஸ்ட்ரீம் அதற்கு வெளியே நிற்க வேண்டியது. என்ஜின்எக்ஸின் முதன்மைக் கோப்பின் கடைசியில் எழுதுங்கள். கூடவே வரும் மாதிரித் தளத்தையும் நீக்கிவிடுங்கள், அது 80ஐப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அடுத்து அலுவலகக் கணினியின் என்ஜின்எக்ஸ். வெப்சாக்கெட் என்பது சாதாரண எச்.டி.டி.பி. கேள்வியாகத் தொடங்கி, நடுவில் "இனி இந்தக் கம்பியைத் திறந்தே வைத்திருப்போம்" என்று இருவரும் ஒப்புக்கொள்வது. அந்த வேண்டுகோள் அப்கிரேடு, கனெக்‌ஷன் என்ற இரண்டு தலைப்புகளில் வருகிறது. நடுவில் நிற்கும் என்ஜின்எக்ஸ் அவற்றைத் தானாகக் கடத்தாது. நீங்கள் எழுதிச் சொல்ல வேண்டும், பின்பக்கம் பேசும் எச்.டி.டி.பி. பதிப்பையும் 1.1 ஆக்க வேண்டும். மேட்டர்மோஸ்ட்டின் ஆவணத்தில் வெப்சாக்கெட் பாதைக்கென்று தனிப் பத்தி இருக்கிறது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை மறைந்துவிடும்.

படம் ஏறாததற்குக் காரணம் இன்னும் எளிது. என்ஜின்எக்ஸ் முன்னிருப்பாக 1 எம்.பி.க்கு மேல் எதையும் வாங்காது. இன்றைய கைப்பேசிப் படம் மூன்று நான்கு எம்.பி. வரும். வரம்பை 50 எம்.பி. ஆக்குங்கள்.

மேட்டர்மோஸ்ட் அமைப்பில் சைட் யு.ஆர்.எல். என்ற இடத்தில் டொமைனை எச்.டி.டி.பி.எஸ். உடன் முழுமையாக எழுதுங்கள். 8065ஐ ஃபயர்வாலில் மூடுங்கள். அழைப்பு இல்லாமல் யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கும் வசதி அணைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கைப்பேசிக்கு வரும் அறிவிப்பு உங்கள் சர்வரிலிருந்து நேராக வருவதில்லை. மேட்டர்மோஸ்ட்டின் இடைச்சேவை, பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் என்று சுற்றித்தான் வரும். அதனால் அறிவிப்பில் அனுப்பியவர் பெயர் மட்டும் போகும்படி வையுங்கள், உள்ளடக்கம் வேண்டாம். பீரோவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியே இன்வாய்ஸை நீட்டக் கூடாது.

எண்ணூர்க் கழிமுகம் | புதன், மாலை 6.20

அக்கா, நெட்வொர்க் பற்றி அண்ணன் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மென்பொருளை இன்னொரு முறை யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்துக்கு இரண்டு ஆண்டுகளாக ஜூலிப் என்ற செய்திப் பரிமாற்ற மென்பொருள் ஓடுகிறது. 2012இல் தொடங்கப்பட்டது, 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கியது, 2015இல் திறந்த மூலமாக வெளிவந்தது. அதில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தலைப்பின் கீழ்தான் வரும். உங்கள் தொழிலுக்கு பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) எண்ணையே தலைப்பாக வைத்தால், ஒரு சரக்கின் கதை முழுவதும் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கும். மூன்று மாதம் கழித்துத் தேடுபவருக்கு அதைவிட வசதி வேறில்லை. ஒரே நிறுவல் நிரல் போஸ்ட்கிரெஸ், ரேபிட்எம்க்யூ, ரெடிஸ், மெம்கேஷ்டு, என்ஜின்எக்ஸ் எல்லாவற்றையும் தானே கொண்டுவந்து பொருத்திவிடும். வேறு எதுவும் ஓடாத சுத்தமான கணினி வேண்டும், குறைந்தது 2 ஜி.பி. நினைவகம் வேண்டும். நினைவகம் உங்களிடம் தாராளமாக இருக்கிறது, கணினியை மட்டும் மறுபடி சுத்தமாக்க வேண்டும்.

கணினியை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. எங்கள் பக்கம் கடல் முந்நூறு மீட்டர். முதல் ஆண்டு ஜன்னல் ஓரம் வைத்திருந்தோம். ஒரு நாள் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. லேன் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். முனையின் எட்டுத் தகடுகளில் மூன்று பச்சை பூத்திருந்தன. உள்பக்கத்து விசிறிச் சிறகுகளில் விரலால் தொட்டால் பிசுபிசுவென்று உப்பும் தூசும் சேர்ந்து ஒட்டியது. தம்புச்செட்டித் தெருவும் துறைமுகத்துக்கு மிக அருகில்தான். உள்சுவர்ப் பக்கம் வையுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பி முனைகளைக் கழற்றிப் பாருங்கள். தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் மையத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கணினி பரணில் இருந்ததால்தான் பிள்ளைகளின் பாடக்குறிப்புகள் பிழைத்தன.

தம்புச்செட்டித் தெரு | சனி, இரவு 8.30

முதலில் அனைவருக்கும் நன்றி. ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நிலையான ஐ.பி. கேட்டேன், எங்கள் திட்டத்தில் இல்லை என்றார்கள். ஆகவே சுரங்க வழிதான். புதன் இரவு வாடகை சர்வர் எடுத்து வயர்கார்டு போட்டேன். இரண்டு பக்கத்துச் சாவிகளையும் இடம் மாற்றி ஒட்டிவிட்டதால் ஒரு மணி நேரம் போயிற்று. எந்தக் கணினியின் கோப்பு என்றாலும் அதில் தன் தனிச் சாவியும், எதிர்ப்பக்கத்தின் பொதுச் சாவியும் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்ட பிறகு குழப்பம் தீர்ந்தது.

வியாழன் இரவு முழுவதும் ஸ்ட்ரீம் பத்தி. நீங்கள் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் நான் அதை முதன்மைக் கோப்பில் எச்.டி.டி.பி. பத்தியின் மூடும் அடைப்புக்குறிக்கு ஒரு வரி மேலே எழுதியிருந்தேன். கடைசி என்று நான் நினைத்த இடம் கடைசி இல்லை. அதைக் கீழே இறக்கியதும் என்ஜின்எக்ஸ் சோதனை தேறியது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு சர்ட்பாட்டின் ஒத்திகை தேறியது, அடுத்த நிமிடம் உண்மையான சான்றிதழும் வந்துவிட்டது. தொண்ணூறு நாளுக்கானது. தானாகப் புதுப்பிக்கும் டைமர் ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டேன்.

இன்று காலை 11.20க்கு மணலி யார்டிலிருந்து எங்கள் மூத்த ஊழியர் முதல் படத்தை அனுப்பினார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, மற்ற எல்லாரையும்விட அவர்தான் எனக்குக் கவலையாக இருந்தார். நான் மேசையில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைப் புதுப்பிக்கவில்லை, எதையும் தொடவில்லை. மஞ்சள் நிற பாட்டில் சீல், அதன் மேல் கறுப்பில் பொறித்த எண், ஓரத்தில் அவருடைய கட்டை விரல் நகம். 3.8 எம்.பி. கீழே, "சீல் சரி, வண்டி உள்ளே வந்துவிட்டது" என்று தமிழில் எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கி பில் ஆஃப் லேடிங்கோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். மார்ச் மாதம் எனக்கு இல்லாமல் போன படம் இதுதான்.

ஜூலிப் பற்றிச் சொன்ன தம்பிக்கு: நீங்கள் சொன்ன தலைப்பு முறை எனக்கு மிகவும் பிடித்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் ஒருவேளை அதையே எடுத்திருப்பேன். ஆனால் எங்கள் ஆட்கள் இந்தத் திரையை இரண்டு வாரமாகப் பழகிவிட்டார்கள். உங்கள் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு சரக்குக்கு ஒரு தாய்ச்செய்தி. அதன் முதல் வரியில் பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் கன்டெய்னர் எண்ணும். அதன்பிறகு வரும் படம், டெலிவரி ஆர்டர், கேட் பாஸ் எல்லாம் அதற்கான பதிலாகவே கீழே வர வேண்டும். யாராவது தனியாக எழுதினால் உடனே கூப்பிட்டுச் சொல்கிறேன். கன்டெய்னருக்கு ஒரு சேனல் என்று தொடங்கியிருந்தால் ஒரே மாதத்தில் பட்டியல் தாங்காது.

கணினி இப்போது ஆவண அறையின் உள்சுவரில், இடுப்புயரப் பலகையில் இருக்கிறது. லேன் முனைகளைப் பார்த்தேன், இன்னும் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

ஒரு சந்தேகம். தினமும் இரவு இரண்டு மணிக்கு டேட்டாபேஸைப் பிரதி எடுத்து வெளி டிஸ்க்கில் போடுகிறேன். இது போதுமா?

பெரம்பூர் இரண்டாம் ஷிப்ட் | சனி, இரவு 11.55

போதாது, அம்மா. உடனே கவனியுங்கள். டேட்டாபேஸில் இருப்பது செய்திகளும், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பும் மட்டும்தான். படங்கள் மேட்டர்மோஸ்ட் கோப்புறைக்குள் டேட்டா என்ற அடைவில் தனியே கிடக்கின்றன. இப்போது டிஸ்க் போனால் உங்களிடம் "சீல் சரி" என்ற வரி இருக்கும், சீல் இருக்காது. டேட்டா அடைவு, அமைப்புக் கோப்பு, போஸ்ட்கிரெஸ் பிரதி என்று மூன்றையும் ஒரே வேளையில் எடுங்கள். வெளி டிஸ்க் இரண்டு வையுங்கள், ஒன்று முதலாளி வீட்டில் இருக்கட்டும், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். டிஸ்க்கை மறையாக்கம் செய்துவிடுங்கள், வழியில் தொலைந்தால் பயமில்லை.

பிரதி எடுத்ததோடு நிற்காதீர்கள். வேறு ஒரு கணினியில் காலியான டேட்டாபேஸில் அதை ஏற்றி, ஒரு பழைய படத்தைத் திறந்துபாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதியாகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இன்னொன்று, உங்கள் ரவுட்டரில் உள்வலைப் பெயர்ப்பதிவு (டி.என்.எஸ்.) இருந்தால் உங்கள் டொமைனுக்கு 192.168.1.20 என்று எழுதிவையுங்கள். சான்றிதழ் அந்தக் கணினியிலேயே இருப்பதால் எச்சரிக்கை வராது. சாலையில் பள்ளம் தோண்டி ஃபைபர் அறுந்தாலும் மேசையில் இருக்கும் ஐந்து பேர் பேசிக்கொண்டே இருக்கலாம்.

நாளை ஞாயிறு. கணினியைச் சுவர் மின்னிணைப்பிலிருந்து ஒருமுறை பிடுங்கிப் பாருங்கள். அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரத்தில் மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை.

தம்புச்செட்டித் தெரு | ஞாயிறு, மாலை 5.10

ராயபுரத்திலிருந்து நடந்தே போய் அலுவலகத்தைத் திறந்தேன். பிரதி மூன்றையும் எடுத்து முடித்த பின்பு கணினி, ஃபைபர் பெட்டி இரண்டையும் சேர்த்துப் பிடுங்கினேன். ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் செருகினேன்.

ஃபைபர் பெட்டி வந்தது. கணினி வரவில்லை. பயாஸில் மின்சாரம் திரும்பியதும் தானாக எழும் அமைப்பு அணைந்திருந்தது, போட்டேன். மறுபடி பிடுங்கினேன். இந்த முறை கணினி எழுந்தது, போஸ்ட்கிரெஸ் எழுந்தது, மேட்டர்மோஸ்ட் எழுந்தது. வைஃபையில் திறந்தது. கைப்பேசியின் சொந்த இணைப்பில் திறக்கவில்லை. வயர்கார்டு லாக்கைப் பார்த்தேன். வாடகை சர்வரை நான் பெயரால் எழுதியிருந்தேன். கணினி நாற்பது நொடியில் எழுந்துவிடுகிறது, ஃபைபர் பெட்டிக்கு இணையம் வர மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் பெயருக்கு முகவரி தேடிப் பார்த்து, கிடைக்காமல் வயர்கார்டு கைவிட்டுவிட்டது. பெயரை எடுத்துவிட்டு நேரடியாக எண் முகவரியை எழுதினேன்.

மூன்றாம் முறை பிடுங்கினேன். நாலு நிமிடம் கழித்து, கதவைப் பூட்டிக்கொண்டு படியிறங்கி, தெருவில் நின்று கைப்பேசியில் திறந்தேன். மணலிப் படம் வந்தது.

நாளைக்கு யு.பி.எஸ். வாங்கக் கேட்டிருக்கிறேன். பிரதியை ஏற்றிப் பார்க்க என் வீட்டு மடிக்கணினியில் உபுண்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.